சாம்பிளிலிருந்து சரக்கு பில் வரை: உணவுக் கடைகளிடம் சட்டம் என்ன கேட்கிறது?

எங்காவது ஓர் ஊரில் யாராவது ஷவர்மா சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு மாநிலம் முழுக்க ரெய்டு செய்திகள்தான். இத்தனை கிலோ கெட்டுப்போன சிக்கன் பறிமுதல், பினாயில் ஊற்றி அழிப்பு, இத்தனை கடைகளுக்கு நோட்டீஸ். கேமரா போனதும் கடை பழையபடி நடக்கும். இதைப் பார்த்துப் பார்த்து, உணவு பாதுகாப்புச் சட்டம் என்றாலே ரெய்டு என்று நம்மில் பலருக்குப் பதிந்துவிட்டது. சட்டத்தைப் புரட்டினால் பறிமுதலுக்கு அதில் ஒதுக்கியிருக்கும் இடம் கொஞ்சம்தான். எங்கே வாங்கினாய், எப்படி வைத்திருந்தாய், யார் கைபட்டது என்று கடைக்காரரிடம் கேட்பதுதான் அதில் அதிகம்.

முன்பு அப்படி இல்லை. சென்னை மாகாணத்தில் உணவுக் கலப்படத்தைத் தடுக்க 1918-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு நாடு முழுமைக்குமாக 1954-ல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடும். பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை, மிளகாய்த் தூளில் செங்கல் தூள் என்று எதிரி கண்ணுக்குத் தெரிந்த காலம் அது. ஃபுட் இன்ஸ்பெக்டர் வருவார், சாம்பிள் எடுப்பார், ஆய்வகம் முடிவு சொல்லும், வழக்கு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடும். கடை எவ்வளவு அழுக்காக இருந்தாலும் சாம்பிள் தேறிவிட்டால் கடைக்காரருக்குப் பெரிய கவலை இல்லை.

இதற்கிடையே பழச்சாறு, ஜாம் வகைகளுக்கு 1955-ல் ஓர் ஆணை, இறைச்சிப் பொருட்களுக்கு 1973-ல் ஓர் ஆணை, பாலுக்கு 1992-ல் ஓர் ஆணை என்று துறைக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போயின. எல்லாவற்றையும் ரத்து செய்து ஒரே கூரைக்குள் கொண்டுவந்ததுதான் 2006-ன் உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம். அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2011 ஆகஸ்ட் 5 அன்று. இன்று பாக்கெட்டுகளில் பார்க்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரை இந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணையத்தினுடையது. தமிழ்நாட்டில் இதை அமல்படுத்துவது உணவு பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறை. மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், அவருக்குக் கீழே உணவு பாதுகாப்பு அலுவலர்கள்.

சட்டத்தின் பார்வையில் தள்ளுவண்டி இட்லிக் கடையும் உணவு வணிகம்தான், சூப்பர் மார்க்கெட்டும் உணவு வணிகம்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை, அவ்வளவே. 2011-ல் வந்த விதிமுறைகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு போதும், அதற்கு மேல் போனால் லைசென்ஸ் என்று கோடு போட்டன. பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தன. இங்கே பல கடைக்காரர்கள் ஒரு கணக்கைத் தவறவிடுகிறார்கள். 12 லட்சம் என்பது லாபம் கிடையாது, மொத்த விற்பனை. நாள் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 3,300 ரூபாய். பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் காலை பத்து மணிக்குள் அந்தத் தொகை கல்லாவில் விழுந்துவிடும். ‘நாங்க சின்னக் கடை சார்’ என்று சொல்லும் பல கடைகள் அந்தக் கோட்டின்படி சின்னக் கடைகளே அல்ல. வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் பதிவுக்கும் லைசென்ஸுக்குமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபாஸ்கோஸ் இணையதளத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பதிவோ லைசென்ஸோ எடுத்தால் 14 இலக்க எண் கிடைக்கும். அந்தச் சான்றைக் கடையில் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து அந்த எண் பில்லிலும் இருக்க வேண்டும். இது போக உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம், தராசுக்கு எடையளவுத் துறையின் முத்திரை, ஆள் வைத்தால் தொழிலாளர் துறைச் சட்டங்கள் எல்லாம் தனித்தனி. ஃபுட் லைசென்ஸ் இருந்தால் மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

இனி மளிகைக் கடைக்காரரைத் தூங்கவிடாத கேள்வி. பாக்கெட்டை அவர் பிரிக்கவே இல்லை. கம்பெனி ஒட்டிய சீல் அப்படியே இருக்கிறது. உள்ளே இருக்கும் மஞ்சள் தூளில் குறை என்றால் அவர் என்ன செய்வார்?

சட்டத்தின் 27-வது பிரிவு இதற்குத்தான் பதில் சொல்கிறது. தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், சில்லறை வியாபாரி என்று ஒவ்வொருவர் பொறுப்பையும் அது பிரித்து வைத்திருக்கிறது. சில்லறைக் கடைக்காரர் எதற்கெல்லாம் பொறுப்பு? காலாவதி தேதி கடந்த பொருளை விற்றால், சுகாதாரமில்லாத நிலையில் வைத்திருந்தால், தப்புக் குறியீடு (அதாவது லேபிளில் தவறான விவரம்) உள்ளதை விற்றால், பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கியிருந்தால். இவற்றோடு இன்னொன்றும் உண்டு: யார் தயாரித்தது, யாரிடமிருந்து வாங்கியது என்று அடையாளம் காட்ட முடியாமல் போனால். இந்தக் கடைசி ஒன்றில்தான் கடைகள் அதிகம் சிக்குகின்றன. பைக்கில் வந்து கடைக்குக் கடை போட்டுவிட்டுப் போகும் முறுக்கு, அப்பளம், லேபிள் இல்லாத நல்லெண்ணெய் பாட்டில் எல்லாவற்றுக்கும் பில் கிடையாது. விலை குறைவு, கமிஷன் அதிகம் என்று வாங்கி வைப்பார்கள். சாம்பிள் தேறாவிட்டால் போட்டுவிட்டுப் போனவர் போன் எடுக்கமாட்டார். பொறுப்பு முழுக்கக் கடைக்காரர் தலையில்.

முறையான பில் இருந்தால் கதை வேறு. விற்பவர் தன் சரக்குக்கு எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும் என்று 26-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் பில்லிலேயே அந்த உத்தரவாத வாசகத்தை அச்சடித்திருப்பார்கள். தன்னால் முடிந்த எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று வாதிட 80-வது பிரிவு இடம் தருகிறது. அந்த வாதத்துக்குச் சாட்சி பில்தான். கடைக்காரர் ஜிஎஸ்டிக்காக வைத்திருக்கிற அதே காகிதம், தேவைப்பட்டால் அவரைச் சிறைவாசலில் இருந்தே திருப்பி அழைத்து வந்துவிடும். இதை எந்த விழிப்புணர்வுக் கூட்டத்திலும் இவ்வளவு பச்சையாகச் சொல்வதில்லை.

லேபிள் விஷயத்தில் ஒரு வினோதம். பாக்கெட் உணவின் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்க்கலாம். தென்காசியில் ஒரு பெண் தன் வீட்டுப் பலகாரத்துக்குப் பெயர், எடை, தேதி, சேர்மானம் எல்லாம் சுத்தமான தமிழில் மட்டும் அச்சடித்து, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்களுக்கு விற்றாலும் சட்டப்படி அந்த லேபிள் குறையுள்ளது. வாங்குகிறவருக்குப் புரியவேண்டும் என்பதற்காக இருக்கும் விதி, வாங்குகிறவர் மொழியைக் கூடுதல் சலுகையாக வைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, சமையல் நடக்கும் கடைகளுக்கு வருவோம். இங்கே பில்லை விட முக்கியமானது தெர்மாமீட்டர். 2011 விதிமுறைகளின் நான்காவது அட்டவணைதான் கடை சுகாதாரத்தின் அடிப்படை. தள்ளுவண்டிக்கு ஒரு பகுதி, லைசென்ஸ் கடைகளுக்கு ஒரு பகுதி, பால், இறைச்சி, ஓட்டல் சமையல் என்று தனித்தனிப் பகுதிகள். குடிக்கத் தகுந்த தண்ணீர், பூச்சி, எலி வராத ஏற்பாடு, மூடிபோட்ட குப்பைத் தொட்டி, பொருளைத் தரையில் வைக்காமை, பழைய சரக்கை முதலில் வெளியே எடுப்பது என்று பெரும்பாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தவையே அதில் இருக்கின்றன. அவர்கள் சொல்லாதது வெப்பநிலைக் கணக்கு.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருப்பது கிருமிகள் பெருகும் மண்டலம். குளிரில் வைப்பதை 5 டிகிரிக்குக் கீழே வைக்கவேண்டும், சூடாக வைப்பதை 60-க்கு மேலே. உறைநிலையில் வைப்பது மைனஸ் 18. மறுபடி சூடாக்கினால் மேலாகச் சூடு காட்டினால் போதாது, உணவின் நடுப்பகுதியே 75 டிகிரியைத் தொடவேண்டும். நம் ஊரில் மே மாத மதியம் கடைக்குள் 38, 40 டிகிரி இருக்கும். மதியம் வடித்து இரவு எட்டு மணிக்கு ஃப்ரைடு ரைஸ் ஆகப்போகிற சோறு அந்த ஏழெட்டு மணி நேரமும் அன்னக்கூடையில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது. அதில் எந்தக் கலப்படமும் இல்லை, நல்ல அரிசி, நல்ல தண்ணீர். 1954 சட்டத்தின் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரிந்திருக்காது.

ஷவர்மாவில் இந்தச் சிக்கல் கூட்டாக வருகிறது. கோழியைக் கம்பியில் செருகி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சூடு காட்டுகிறார்கள். வெளிப்பக்கம் வெந்து செதுக்கப்படும்போது உள்பக்கம் வெதுவெதுப்பாக, கிருமிக்கு ஏற்ற இதமான நிலையில் இருக்கிறது. கூட்டம் வந்தால் வேகாத அடுக்கையும் சேர்த்துச் செதுக்குவார்கள். கூட்டம் வராவிட்டால் அணைத்துவிட்டு மறுபடி பற்றவைப்பார்கள். இரவு மிஞ்சியது மறுநாளைக்கு. இதன்மேல் பச்சை முட்டை மயோனைஸ். 2022 மே மாதம் கேரளத்தின் செருவத்தூரில் ஒரு மாணவி, 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி என்று உயிர்கள் போன பிறகுதான் இந்தக் கம்பிமேல் எல்லோர் கண்ணும் விழுந்தது.

பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு தடை செய்தது. கேரளமும் தெலங்கானாவும் அதற்கு முன்பே தடை செய்திருந்தன. ஏன் ஓராண்டு என்ற கணக்கு? மாநில உணவு பாதுகாப்பு ஆணையருக்குப் பொதுச் சுகாதாரத்துக்காக ஒரு பொருளைத் தடை செய்யும் அதிகாரத்தை 30-வது பிரிவு கொடுக்கிறது. ஆனால் ஒரு தடவை தடை செய்தால் அதிகபட்சம் ஓராண்டுதான். குட்காவுக்கு 2013-லிருந்து தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் தடையைப் புதுப்பித்துக்கொண்டே வந்தது இதனால்தான். அவசரத்துக்குக் கொடுத்த தற்காலிக அதிகாரத்தை வருடாவருடம் நீட்டி நிரந்தரத் தடையாக ஆக்கமுடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் அந்தத் தடை ஆணையை ரத்து செய்தது. பிறகு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

2024 பிப்ரவரியில் வந்த பஞ்சு மிட்டாய்த் தடை வேறு வகை. அதில் கண்டுபிடிக்கப்பட்டது ரோடமைன் பி, துணிக்குப் போடும் சாயம். அது எந்த உணவிலும் எந்த அளவிலும் அனுமதிக்கப்பட்டதே இல்லை, எனவே தடை ஆணை இல்லாவிட்டாலும் அது குற்றம்தான். ஆணையின் பயன், தள்ளுவண்டிக்காரர் வரை செய்தி போய்ச் சேர்ந்தது. சிக்கன் 65-க்குச் சேர்க்கும் சிவப்புப் பொடியும் இந்த வகைதான். உணவுக்கு அனுமதித்த செயற்கை நிறமிகள் சில உண்டு, ஆனால் அவற்றைப் பட்டியலில் உள்ள பொருட்களில் மட்டுமே, குறித்த அளவுக்குள் சேர்க்கலாம். கடையில் பொரிக்கும் கோழி அந்தப் பட்டியலில் இல்லை. ‘ஃபுட் கலர்தான் சார், டப்பாவிலேயே போட்டிருக்கு’ என்ற பதில் எடுபடாது.

எண்ணெய்க்கும் அளவு உண்டு. திரும்பத் திரும்பக் கொதிக்கும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை மேற்கொண்டு பயன்படுத்தக்கூடாது. 2018 ஜூலையிலிருந்து நடைமுறை இது. முனையை எண்ணெயில் விட்டால் அளவு காட்டும் சிறு கருவி அலுவலர்களிடம் இருக்கிறது. கழித்த எண்ணெயை பயோடீசல் தயாரிப்பவர்களுக்கு விற்கலாம். பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்துத் தருவதற்கும் பேக்கேஜிங் விதிமுறைகள் 2019 ஜூலையிலிருந்து முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. தெருவில் இறங்கிப் பார்த்தால் அந்த முற்றுப்புள்ளி எங்கே என்று தேடத்தான் வேண்டியிருக்கிறது.

அலுவலர் கடைக்குள் வந்தால் என்ன நடக்கும்? சாம்பிள் எடுத்தால் அதற்குரிய விலையை அவர் கொடுக்கவேண்டும். எடுத்ததை நான்கு பங்காகப் பிரித்து சீல் வைப்பார். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்கும். நான்காவது பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கடைக்காரர் தன் செலவில் கேட்கலாம். இந்த உரிமையைத் தெரிந்து பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. பகுப்பாய்வாளர் 14 நாட்களில் அறிக்கை தரவேண்டும். பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்து மேலாய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம்.

இந்த நடைமுறைகள் வெறும் சடங்கு கிடையாது. 2015 ஜூனில் மேகி நூடுல்ஸை நாடு முழுக்கத் தடை செய்த ஆணையத்தின் உத்தரவை அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கம்பெனியின் தரப்பைக் கேட்கவில்லை, சோதித்த ஆய்வகங்களுக்கு முறையான அங்கீகாரம் இல்லை என்பவை முக்கியக் காரணங்கள். பெரிய கம்பெனிக்கு வக்கீல் கிடைக்கிறார். தெருமுனைப் பேக்கரிக்கு இதே உரிமைகள் காகிதத்தில் இருக்கின்றன.

ஆய்வக முடிவு மூன்று வகையாக வரலாம். தரம் குறைவு, தப்புக் குறியீடு, பாதுகாப்பற்றது. முதல் இரண்டுக்கும் சிறை இல்லை, அபராதம்தான். தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து விதிப்பார். தரம் குறைவுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, தப்புக் குறியீட்டுக்கு 3 லட்சம் வரை, சுகாதாரமற்ற முறையில் தயாரித்தால் ஒரு லட்சம் வரை. எவ்வளவு லாபம் பார்த்தார், தெரிந்து செய்தாரா, முன்பும் செய்தாரா என்பதையெல்லாம் கணக்கில் எடுக்க 49-வது பிரிவு சொல்கிறது. பாதுகாப்பற்றது என்று வந்தால் குற்றவியல் வழக்கு. உயிர் போனால் குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள் வரை போகலாம், 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு.

சாம்பிளே எடுக்காமலும் நடவடிக்கை எடுக்கலாம். 32-வது பிரிவின்படி, இன்னின்ன குறை, இன்னின்ன மாற்றம் செய் என்று காரணங்களோடு நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 14 நாள் அவகாசம் தரவேண்டும். செய்யாவிட்டால் லைசென்ஸ் நிறுத்திவைப்பு, அப்புறம் ரத்து. என்னைக் கேட்டால் மொத்தச் சட்டத்திலும் கடையை உண்மையில் மாற்றக்கூடிய பிரிவு இதுதான். 15-வது நாள் அலுவலர் திரும்ப வந்து பார்க்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வட்டாரம் முழுக்க உள்ள டீக்கடை, மளிகை, பேக்கரி, கறிக்கடை, பள்ளிச் சத்துணவு எல்லாவற்றையும் கவனிக்கவேண்டிய அலுவலருக்கு அந்த இரண்டாவது வருகை கஷ்டம். முதல் வருகைக்குத்தான் செய்தியில் இடம். இரண்டாவது வருகைக்கு யாரும் கேமரா கொண்டு வருவதில்லை.

கடையில் வேலை செய்பவர்களைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. உணவைக் கையாளுபவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு போன்ற குடல்நோய்களுக்குத் தடுப்பூசி. தொற்றுநோய் உள்ளவரை வேலையில் வைக்கக்கூடாது. 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்கவேண்டும். எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வயிற்றுப்போக்கு வந்த பரோட்டா மாஸ்டர் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும், அவர் எப்படி வாயைத் திறப்பார்? நோயாளியை வேலையில் வைக்காதே என்று முதலாளிக்குச் சொல்லும் சட்டம், நோயை ஒப்புக்கொள்பவருக்கு அந்த நாள் கூலி தருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தொழிலாளி பக்கம் நின்று வந்த மாற்றம் என்றால் 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தம். வேலைக்கிடையே உட்கார இருக்கை தரவேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. மளிகை, சூப்பர் மார்க்கெட் பெண்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வாங்குகிறவர்களான நமக்கும் ஒரு பிரிவு இருக்கிறது, அதிகம் பேசப்படாத 40-வது பிரிவு. வாங்கிய பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் நாமே கொடுத்துச் சோதிக்கலாம். சென்னை கிண்டி, கோவை, சேலம், மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வு ஆய்வகங்கள் இருக்கின்றன. பொருள் சட்டத்தை மீறியிருப்பதாக முடிவு வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும், நியமன அலுவலர் வழக்கு நடவடிக்கையையும் தொடங்கவேண்டும்.